மச்சான் என்றொரு சொல்

மே மாதம் பிறந்தால் இலங்கையின் கற்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாக் கரையில் சோளகக் காற்று எழும்பும். நான் வளர்ந்த காலத்தில் அது வறுமையின் காற்று. கடல் கொந்தளிக்கும், படகுகளை மணல்மேட்டுக்கு இழுத்து வைத்துவிடுவார்கள், வாடிகள் வெறிச்சோடும், கரைவலை சுருட்டிக் கட்டியபடி கிடக்கும், அம்மா பானையில் மிஞ்சிய கட்டாக் கருவாட்டை எண்ணி எண்ணிக் குழம்பில் போடுவாள். இன்று அதே காற்றைத் தேடி எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். இடுப்பில் கயிறும் காலடியில் பலகையுமாக அவர்கள் நீரின் மேல் வழுக்கிக்கொண்டு போக, வானம் நிறைய வண்ணப் பட்டங்கள் அசைகின்றன. தென்னந்தோப்புகளுக்குள் ஓலைக் கூரை வேய்ந்த விடுதிகள் முளைத்துவிட்டன. காற்று அடங்கிக் கிடக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில், கூட்டங்கூட்டமாகத் துள்ளிச் சுழலும் ஓங்கில்களைப் பார்க்க விடியற்காலையிலேயே படகேறிப் போகிறார்கள். வலையைக் கிழித்துவிடுமே என்று நாங்கள் அஞ்சிய அதே ஓங்கில்கள்தான்.

எங்கள் கரைக்கு இப்படியொரு நல்ல காலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் மாலையில் அந்த மணலில் போய் நிற்கும்போதெல்லாம் என் கண் பட்டங்களை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடும். கைகோத்து நடந்து வரும் இரண்டு இளைஞர்களை.

உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் இரண்டு வாலிபர்கள் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்துக்கொண்டு தெருவில் நடப்பது, காகம் கூரையில் உட்காருவதைப் போன்ற காட்சி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிள் பாரில் ஒருவன் பக்கவாட்டில் உட்கார, மிதிக்கிறவனின் மூச்சு அவன் பிடரியில் பட்டுக்கொண்டே வரும். கலியாண வீட்டுப் பந்தலில் ஒரே பாயில் நான்கு பேர் ஒருவர் கை ஒருவர் மேல் கிடக்கத் தூங்குவோம். தலவில் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு ஆகஸ்டில் நாடெங்குமிருந்து சனம் வந்து குவியும்போது, கூட்டத்தில் தவறிவிடாமல் இருக்கத் தோழனின் கையை இறுகப் பிடித்துக்கொள்வோம். கூட்டம் கலைந்த பிறகும், தவறிப்போக வழியே இல்லாத வெறும் மணற்பாதையிலும், அந்தக் கை அப்படியே இருக்கும். நான் பிடித்துக்கொண்டு நடந்த கை அவனுடையது. அவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவனோடு சேர்ந்து படித்த ஒரு நாவலைப் பற்றியும்.

அவன் 1990 அக்டோபர் கடைசியில் படகில் வந்தவன். வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்ட மாதம் அது. யாழ்ப்பாண நகரத்தில் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் காணியையும் விட்டுப் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்களில் பலர் கடல் வழியாக வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். நனைந்த உடுப்போடும் குழந்தைகளோடும் அவர்கள் இறங்கியதைப் பார்த்தவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் நிறைந்து வழிந்த பிறகு தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடாவும் அப்படி ஓர் அகதி ஊரைத் தன் மடியில் ஏந்திக்கொண்டது. சில வாரங்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போது எனக்கும் பத்தொன்பது வயது, அவனுக்கும் பத்தொன்பது. அவன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த கொப்பிகள் மன்னாரிலேயே கிடந்துவிட்டன. முகாமில் இருந்தவர்கள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு இறங்கினார்கள். அப்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு அவன் வந்தது அப்படித்தான். எங்கள் மண் வெறும் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் எங்கே போனது என்று தெரியாது. கிணற்றிலிருந்து மொண்டு, கைக்கொரு பூவாளியாக இரண்டையும் சரித்துக்கொண்டு, பாத்தி பாத்தியாக ஓடி ஓடி ஊற்ற வேண்டும். ஒரு பாத்தியில் அவன், அடுத்த பாத்தியில் நான். இப்போது குழாயைத் திருகிவிட்டால் தண்ணீர் தானாகச் சுழன்று தூவுகிறது, முதுகு பிழைத்தது. ஆனால் பக்கத்துப் பாத்தியில் இன்னொருவன் காலடியும் தன் காலடியும் ஒரே தாளத்தில் விழுவதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யும் சுகம் அந்தக் குழாயோடு போய்விட்டது.

அந்த நாள்களில் அவன் அழுது நான் பார்க்கவில்லை. வந்த மூன்றாம் நாள், கற்பிட்டி வீதியில் கூட்டமாக நின்ற கழுதைகளைக் கண்டதும் நின்றுவிட்டான். மன்னாரிலும் கழுதைகள் அப்படித்தான் தெருவில் திரியும். “பாத்தியா, எங்கட ஊர்க் கழுதையள் எனக்கு முன்னாலேயே அகதியா வந்திட்டுதுகள்” என்றான். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் நட்பு என்று பல காலம் எண்ணியிருந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் அன்றைக்கே மற்றதும் தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நட்பு எந்த நாளில் காதலாகிறது என்று யாரால் சொல்ல முடியும்? இளநீர் எந்தக் காலையில் வழுக்கையாகிறது என்று தென்னையில் ஏறுகிறவனுக்கும் தெரியாது. வெட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்தோம். இலங்கையில் எந்தத் தெருவில் நின்று இந்தச் சொல்லை உரக்கச் சொன்னாலும் பத்துப் பேர் திரும்புவார்கள். தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் தோழனை அழைக்கும் சொல் அது. ஆனால் அதன் வேரைப் பாருங்கள். மச்சான் என்றால் அத்தை மகன், மாமன் மகன், அக்காளைக் கட்டியவன். மணம் முடிக்க முறையுள்ளவன். எங்கள் கரையோரத்து நாட்டுப் பாடல்களில் பெண்கள் தங்கள் காதலனை அழைப்பது இந்தச் சொல்லால்தான், மணமான பிறகு கணவனை அழைப்பதும் இதனால்தான். தோழனுக்கும் காதலனுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி நம்முடையது. ஒரு நாளைக்கு நூறு தடவை, ஊரார் காதுபட, அப்பாவின் முன்னால், அவனுடைய உம்மாவின் முன்னால், நான் அவனை அந்தச் சொல்லால் அழைத்தேன். யாரும் எதுவும் நினைக்கவில்லை. நானும் வெகுகாலம் எதுவும் நினைக்கவில்லை. நாக்குக்கு முதலில் தெரிந்திருந்தது.

முகாம் வாழ்க்கை வாரங்களிலிருந்து வருடங்களாக நீண்டது. 1996இல் அவன் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தான். மாதத்தில் ஒரு தடவை போயா என்ற பௌர்ணமி விடுமுறையை ஒட்டி வருவான். மற்ற நாள்களுக்குக் கடிதம். ‘அன்பின் மச்சானுக்கு’ என்று தொடங்கும், கடை முதலாளியின் கோபமும் மழையும் சாப்பாட்டு விலையும் நிறைந்திருக்கும், ‘மற்றவை நேரில்’ என்று முடியும். அந்த ‘மற்றவை நேரில்’ என்ற இரண்டு சொல்லை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! இப்போது கைபேசியில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குரல் செய்தி வருகிறது. அவன் தேநீர் குடிப்பதுகூடக் கேட்கிறது. நேரில் சொல்வதற்கென்று எதையும் மிச்சம் வைக்க இந்தக் காலம் விடுவதில்லை. தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்க்கும் சத்தத்துக்குக் காத்திருந்த அந்தப் பத்து மணிக் காலைகளுக்கு ஈடாக இன்னும் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் குரலைக் கேட்காமல் மாதம் முழுவதும் கழித்த அந்த நான், இந்த வசதியைக் கண்டிருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பான்.

1997இல் ஒரு போயாவுக்கு வந்தபோது, மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கில நாவலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தான். ‘ஃபனி போய்.’ எழுதியவர் ஷ்யாம் செல்வதுரை. கொழும்பில் 1965இல் பிறந்தவர், அப்பா தமிழர், அம்மா சிங்களவர். தமிழர்களுக்கு எதிரான 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். நாவல் 1994இல் வெளிவந்தது. ஆர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ப் பையன் சொல்லும் ஆறு கதைகள் சேர்ந்து ஒரு நாவலாகின்றன. விடுமுறை நாள்களில் ஒன்றுவிட்ட சகோதரிகளோடு சேர்ந்து மணப்பெண் விளையாட்டில் சேலை கட்டிக்கொள்வதில் தொடங்கி, பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களத் தோழனிடம் அவன் மனம் சாய்வது வரை வந்து, 1983 ஜூலைக் கலவரத்தில் முடிகிறது. கடைக்காரர் அதை இனக்கலவரம் பற்றிய புத்தகம் என்று சொல்லிக் கொடுத்தாராம். வீடிழந்தவன் என்பதால் அவன் வாங்கினான். உள்ளே வேறொன்றும் இருக்கிறது என்பதைப் பஸ்ஸில் வரும் வழியிலேயே கண்டுகொண்டான். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் வரும்போது புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டானாம். மிச்சத்தை என்னோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று தோன்றியதாம்.

எங்கள் இருவரின் ஆங்கிலத்தையும் சேர்த்தால்தான் ஒருவருடைய ஆங்கிலம் ஆகும். தோட்டத்துக் காவல் கொட்டிலில் குப்பி விளக்கை நடுவில் வைத்து, அகராதியை என் மடியிலும் நாவலை அவன் மடியிலும் வைத்துக்கொண்டு, அவன் ஒரு வரியை வாசிப்பான், நான் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், சரிவந்தால் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதுவோம். ஒரு போயாவுக்குப் பதினைந்து இருபது பக்கம். மாதம் முழுக்க அந்தப் பக்கங்கள் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இன்று அதே இடத்தில் நின்றால் தெற்கே நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. 2011இல் முதல் அலகு ஓடத் தொடங்கி, இன்று மூன்று அலகுமாக 900 மெகாவாட். நாட்டுக்கே வெளிச்சம் எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. இரவில் அந்த விளக்குகளைப் பார்க்கும்போது, ஒரு குப்பி விளக்கின் வட்டத்துக்குள் மட்டும் உலகம் இருந்த அந்த இரவுகள் நினைவுக்கு வரும். வட்டத்துக்கு வெளியே எங்களைப் பார்க்க யாரும் இல்லை.

முதல் சிக்கல் தலைப்பிலேயே வந்தது. ‘ஃபனி’ என்றால் வேடிக்கை என்றது அகராதி. ஆனால் ஆர்ஜியின் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரலில் வேடிக்கை இல்லை, வெறுப்பும் பயமும் இருக்கின்றன. பையனுக்கே அந்தச் சொல்லின் பொருள் பிடிபடாமல் அவன் மனதுக்குள் உருட்டிப் பார்க்கிறான். நாங்களும் உருட்டினோம். விசித்திரம், வினோதம், விகடம், ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த நாள் காலை, வெங்காயத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவன் பூவாளியைக் கீழே வைத்தான். “ஒரு மாதிரி” என்றான். “அவன் ஒரு மாதிரியான பொடியன் எண்டு சொல்லுவாங்களே, அதுதான் மச்சான்.” நான் அப்படியே நின்றேன். அந்தச் சொற்களை இருவருமே கேட்டு வளர்ந்திருந்தோம். ஊரில் கலியாணம் கட்டாமலே செத்துப்போன ஒரு தையற்காரரைப் பற்றி, தலவில் திருவிழாவுக்கு வளையல் போட்டுக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றி, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன சொற்கள். எதைப் போன்ற மாதிரி என்று யாரும் சொன்னதில்லை. அன்று கிணற்றடியில்தான் அது எங்களைப் பற்றிய சொல்லாகவும் இருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது. பக்கத்து ஓரத்தில் அவன்தான் எழுதினான், ‘ஒரு மாதிரி’ என்று, அழுத்தி.

ஐந்தாம் கதை பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கண்டிப்பான தலைமையாசிரியர், மனப்பாடம் செய்யச் சொன்ன ஆங்கிலக் கவிதைகள், தோழன் படும் அடிக்காக மேடையில் அந்தக் கவிதைகளை வேண்டுமென்றே குழப்பிச் சொல்லும் ஆர்ஜி. அந்த இடத்தில் நாங்கள் கைதட்டினோம். அதற்கு முன்னால் நாலு பக்கம் இருக்கிறது. தோழமை தன்னை வேறொன்றாக உணர்ந்து திகைக்கும் பக்கங்கள். அது 1998இல் ஒரு போயா இரவு, நிலா கொட்டிலின் கிடுகு இடுக்குகளால் உள்ளே விழுந்துகொண்டிருந்தது, எங்களுக்கு இருபத்தேழு வயது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மௌனமாகப் பார்த்தான். நான் தமிழ் சொல்லவில்லை. சொல் தெரியாததால் இல்லை, அந்தப் பக்கங்களில் அகராதி தேவைப்படும் சொல் ஒன்றுகூட இல்லை. கடலின் சத்தம் மட்டும் கேட்டது.

“நாங்க எந்தப் பக்கத்தில நிக்கிறம், மச்சான்?” என்று கேட்டான்.

“நீ நிப்பாட்டின பக்கத்தில” என்றேன்.

அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. அது எங்களுடையது. அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாப் பக்கங்களின் ஓரத்திலும் பென்சில் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, அந்த நாலு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

அவன் அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தது கடைசிக் கதையில். அது 1983 ஜூலைக் கலவரத்தின் நாட்குறிப்பு. கும்பல் வருகிறது, ஆர்ஜியின் குடும்பம் பக்கத்து வீட்டில் ஒளிந்திருக்க அவர்கள் வீடு எரிகிறது, தாத்தாவும் பாட்டியும் காரோடு கொளுத்தப்படுகிறார்கள், குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது, ஷெஹானிடம் விடைபெற வேண்டியிருக்கிறது. எரிந்த வீட்டை ஆர்ஜி கடைசியாகப் போய்ப் பார்க்கும் இடத்தில், எட்டு வருடம் அடக்கியதெல்லாம் சேர்ந்து என் தோழன் உடைந்து அழுதான். தமிழர்கள் விரட்டப்பட்ட கதையைத் தமிழர்களால் விரட்டப்பட்ட ஒருவன், ஒரு தமிழனின் தோளில் சாய்ந்து படித்து அழுதான். வீட்டை இழப்பதும் நேசிப்பவனை இழப்பதும் அந்த நாவலில் ஒரே வாசலால் நடக்கின்றன. எங்களுக்கு அந்த வாசல் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வருடங்களில் எங்களுக்குத் தெரியாமல் எத்தனையோ இருந்திருக்கின்றன. 1883இல் வெள்ளைக்காரர் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் எங்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்தன. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியவர்கள் அதை நீக்காமல் பெண்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அதே 1995இல் கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பும் தொடங்கியிருந்தது. 2004இல் ‘ஈக்வல் கிரவுண்ட்’ என்ற இன்னோர் அமைப்பு வந்தது. இவை எதுவும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறி எங்களிடம் வரவில்லை. சட்டமும் தெரியாது, துணையும் தெரியாது. பயப்படவும் பெயர் இல்லை, கைகோக்கவும் பெயர் இல்லை. அவனுடைய பள்ளிவாசலிலும் என்னுடைய கோயிலிலும் எங்களுக்கு இடம் இருக்காது என்று உள்ளூர அறிந்திருந்தோம். மறுநாள் தொழுகைக்கும் பூசைக்கும் போக வேண்டிய வியாழக்கிழமை இரவும் சனிக்கிழமை இரவும் இருவரும் சற்று மௌனமாகவே இருப்போம். ஆனாலும் ஞாயிறு மாலை சைக்கிள் பாரில் அவன் உட்கார்ந்திருப்பான், நான் மிதிப்பேன், எதிரே வருகிற பெரியவர் “எங்கடா ரெண்டு பேரும்?” என்று அன்போடு கேட்டுவிட்டுப் போவார்.

இன்றைக்கு எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்று மரியாதையான தமிழ்ச் சொற்கள் வந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் உத்தரவுகள் பிறப்பித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசு அப்படியொரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் திகதி இந்த நேசத்தைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. இங்கே 2023இல் எங்கள் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா ஒன்று வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணாகாது என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றேன். என்னைப் பற்றி ஒரு நீதிமன்றம் பேசியிருக்கிறது என்ற உணர்வை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த நல்ல காலத்தின் ஒரு மாலையில்தான், எங்கள் கரையில் இரண்டு ஊர்ப் பையன்கள் சுண்டுவிரல் கோத்து நடந்து வந்ததைப் பார்த்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறேன், நெஞ்சு நிறைந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் போன மூவர் அவர்களைப் பார்த்து ஒரு சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நீதிமன்றம் மரியாதையோடு உச்சரித்த அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல். பையன்கள் விரல்களை விட்டுவிட்டார்கள். அவர்கள் காதலர்களாகக்கூட இருந்திருக்க மாட்டார்கள், வெறும் தோழர்களாக இருந்திருக்கலாம். சொல் வந்ததால் எனக்கு என்னைத் தெரிந்தது. சொல் வந்ததால் அவர்களுக்குக் கை போயிற்று. இரண்டும் உண்மை. ஆனால் நான் அந்தப் பழைய இருட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்ல மாட்டேன். ஊரில் பேரில்லாமல் செத்துப்போன அந்தத் தையற்காரரும் அதே இருட்டில்தான் இருந்தார், எங்களுக்குக் கிடைத்த கை அவருக்குக் கிடைக்கவில்லை. பெயரும் வேண்டும், கையும் வேண்டும். அந்தப் பையன்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

கதைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. செல்வதுரையே 2005இல், 1980ஆம் ஆண்டுக் கொழும்பை வைத்து இளம் வாசகர்களுக்காக இன்னொரு நாவல் எழுதினார். இங்கிலாந்தில் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் ‘மோரிஸ்’ என்ற நாவலை, இரண்டு ஆண்கள் கடைசியில் சேர்ந்து வாழ்வதாகவே முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக எழுதி, அச்சுக்குக் கொடுக்கப் பயந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது வெளியானது. தமிழுக்கு அவ்வளவு காத்திருப்பு இனி வேண்டாம் என்பதுபோல, 2018இல் சென்னையில் பால்புதுமையினருக்கென்றே ஓர் இலக்கிய விழா நடந்தது. ‘ஃபனி போய்’ 2020இல் தீபா மேத்தாவின் இயக்கத்தில் திரைப்படமானது. முக்கியப் பாத்திரங்களில் தமிழர்கள் அநேகமாக இல்லை, பேசும் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழாக இல்லை என்று தமிழர்கள் பலர் வருந்தினார்கள். நானும் வருந்தினேன். குப்பி விளக்கின் முன்னால் நாங்கள் அந்தப் பாத்திரங்களுக்குக் கொடுத்த தமிழ் என் காதில் இருந்தது. ஒரு சிற்றூரில் இரண்டு தோழர்கள் மெல்ல மெல்லக் காதலர்களாகும் கதையை, எங்கள் கரையின் தமிழில், வெங்காயப் பாத்தியும் கருவாட்டு வாசமுமாக யாராவது எழுத வேண்டும். கடைசியில் யாரும் ஊரைவிட்டுப் போகாத கதையாக அது இருக்க வேண்டும்.

எங்கள் கதையில் அவன் போனான். 2009இல் போர் முடிந்தது. அடுத்த வருடம் அவனுடைய உம்மா, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் சாவேன் என்றார். இருபது வருடம் அகதியாக இருந்த தாய்க்கு மறுப்புச் சொல்ல எந்த மகனால் முடியும்? அவர்கள் மன்னாருக்குத் திரும்பிப் போன நாளில் நானும் லொறியில் சாமான் ஏற்றினேன். அமைதிக்காக இருவரும் சேர்ந்து எத்தனையோ இரவுகள் வேண்டியிருக்கிறோம். வந்த அமைதி அவனுக்கு வீட்டைக் கொடுத்தது, எனக்குப் பாலாவியிலிருந்து அநுராதபுரம் சுற்றி மன்னார் போகும் பஸ் நேரங்களைக் கொடுத்தது. அந்த நேரங்கள் எனக்கு இப்போது மனப்பாடம்.

போன மாதமும் போனேன். எங்கள் இருவருக்கும் ஐம்பது கடந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குச் சைக்கிளோடு வந்திருந்தான். பாரில் உட்கார என் இடுப்பு சம்மதிக்கவில்லை, பின் கரியரில் உட்கார்ந்தேன். மணற்தெருவில் சைக்கிள் ஆடியபோது அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். கழுதைகள் வழிவிட மறுத்து நின்றன. தெருவில் விளையாடிய பிள்ளைகள், கடை வாசலில் நின்ற இளைஞர்கள், யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நரைத்த இரண்டு பேர், ஒரு சைக்கிள். பத்தொன்பது வயதில் எங்களுக்கு இருந்த அந்தப் பழைய சலுகையை வயது திருப்பிக் கொடுத்திருந்தது. முப்பது வருடம் பின்னால் போனதுபோல் இருந்தது எனக்கு.

உம்மா போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது, தன் வாசலில் உட்கார்ந்து பல நூறு பிளேன்ரீ குடித்த பிறகு. வீட்டில் இப்போது அவனும் கணவனை இழந்த அவன் அக்காவும்தான். அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து அந்தப் பழைய நாவலை எடுத்து வைத்தேன். இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டோம். அவன் நேராக அந்த வெறும் பக்கங்களைத் திருப்பினான்.

“இன்னும் எழுதேல்லையா, மச்சான்?”

“நீ வாசிச்சாத்தானே நான் தமிழ் சொல்லலாம்.”

அவன் வாசிக்கத் தொடங்கினான். குரல் கொஞ்சம் நடுங்கியது, நான் பென்சிலைச் சீவினேன். தேத்தண்ணியோடு வந்த தாத்தா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகாம் கொட்டிலில், மருதானையிலிருந்து வந்த நாளிலேயே அந்த அட்டையைப் பார்த்தவர் அவர். இத்தனை வருடத்தில் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. கோப்பைகளை எங்கள் நடுவில் வைத்தார்.

“இன்னும் முடியல்லையா அந்தப் புத்தகம்?”

“நாலு பக்கம் மிச்சமிருக்கு, தாத்தா” என்றான் அவன்.

அவர் விளக்கைக் கொஞ்சம் எங்கள் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போனார்.